கால் மாத்திரைக்குப் பத்து மாதம்

போன மாதம் என் பழைய லேபிலிருந்து பிரியா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலியில் வந்து உட்கார்ந்த பெண். ரத்தப் புற்றுநோய் வந்த ஒரு குழந்தைக்கு மாத்திரை ஆரம்பிப்பதற்கு முன்னால் ஜீன் டெஸ்ட்டுக்கு ரத்தம் எடுத்து அனுப்பச் சொல்லி சென்னையிலிருந்து எழுதியிருக்கிறார்களாம். "இன்னா மேடம் இது, மாத்திர குடுக்கறதுக்குக் கூட ஜாதகம் பாக்கறாங்க?" என்று கேட்டாள். எந்தக் குழாயில் எடுப்பது, ஐஸில் வைக்க வேண்டுமா என்பதுதான் அவளுடைய உண்மையான சந்தேகம். அதற்கு இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லிவிட்டு, மீதி நாற்பது நிமிடம் அவள் கேட்காததைச் சொன்னேன். பாதியில் அவள் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய் வந்தது எனக்குத் தெரியும். அதனால் இதை எழுதியே வைத்துவிடுகிறேன். எழுதியதை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால் எனக்கு வருத்தமில்லை.

செங்கல்பட்டில் ஒன்றரை வருடம் லேப் டெக்னீஷியனுக்குப் படித்தேன். என்ன படித்தாய் என்று கேட்டால், உறிஞ்சப் படித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் ரத்தத்தைக் கண்ணாடிக் குழலில் வாயால்தான் உறிஞ்சி எடுப்போம். கொஞ்சம் கவனம் தப்பினால் ரத்தத்தோடு கலக்கிற மருந்துத் தண்ணீர் வாய்க்குள் வந்துவிடும். காடி மாதிரிப் புளிக்கும். எங்கள் பேட்சில் அதை விழுங்காதவர் ஒருவருமில்லை, சொல்லிக்கொடுத்தவர் உட்பட. படிப்பு முடிந்ததும் உத்திரமேரூரில் ஒரு சின்ன நர்சிங் ஹோமின் பின்கட்டு லேபில் சேர்ந்தேன். ஒரு மைக்ராஸ்கோப், ஒரு ஃபிரிட்ஜ். அந்த ஃபிரிட்ஜில் ரத்த மாதிரிகளுக்கும் நர்ஸ்களின் தயிருக்கும் நடுவில் நான் ஒரு அட்டையை வைத்து எல்லை போட்டேன். என் நிர்வாகத் திறமை அத்தோடு சரி.

ஆனால் வெள்ளை அணுக்களை எண்ணுவதில் எனக்குக் கர்வம் உண்டு. விரல் நுனியில் குத்தி, குழலில் முதல் கோடு வரை ரத்தம், மேல் கோடு வரை மருந்துத் தண்ணீர். குலுக்கி, முதல் மூன்று சொட்டை வீணாக்கிவிட்டு, அடுத்த சொட்டைக் கட்டம் போட்ட கண்ணாடியில் விட வேண்டும். நாலு மூலைக் கட்டங்களில் தெரிகிற அணுக்களை எண்ணி ஐம்பதால் பெருக்கினால் மொத்தக் கணக்கு. நல்ல உடம்பென்றால் நாலு மூலையிலும் சேர்த்து நூற்று நாற்பது, நூற்று ஐம்பது தெரியும். கோட்டின் மேல் உட்கார்ந்திருப்பவற்றில் மேல்பக்கமும் இடப்பக்கமும் இருப்பவற்றைச் சேர்க்க வேண்டும், மற்ற இரண்டு பக்கத்தையும் விட்டுவிட வேண்டும். பிறகு ஒரு சொட்டைக் கண்ணாடிச் சில்லில் இழுத்து, சாயம் போட்டு, நூறு அணுக்களைப் பார்த்து எது எந்த ஜாதி என்று பிரிக்க வேண்டும். இதை ஒரு நாளைக்கு முப்பது முறை செய்தேன். யாரும் என்னை மறுபடி எண்ணச் சொன்னதில்லை, டாக்டர் சுகந்தியிடமிருந்து சீட்டு வரும் வரை.

அந்தச் சீட்டுக்குக் காரணம் ரெஹானா. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வாட்ச் கடை வைத்திருந்த இப்ராஹிம் பாயின் மகள், வயது ஆறு. தொண்ணூறுகளின் கடைசியில் அவளுக்கு ரத்தப் புற்றுநோய் வந்து, சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பல மாதம் ஊசி மருந்து ஏறி, நோய் அடங்கிவிட்டது. அடங்கியது திரும்பி வராமல் இருக்க இரண்டு வருடத்துக்கு மேல் தினம் ஒரு மாத்திரை சாப்பிட வேண்டும். அந்த மாத்திரை கெட்ட அணுவை அமுக்கி வைக்கும், கூடவே நல்ல அணுவையும் கொஞ்சம் அமுக்கும். ரொம்ப அமுக்கிவிடக் கூடாது என்பதற்காக வாரா வாரம் ரத்தத்தை எண்ண வேண்டும். அதற்காக ஒவ்வொரு தடவையும் சென்னைக்கு பஸ் ஏற வேண்டாம், உள்ளூரிலேயே எண்ணிப் போனில் சொன்னால் போதும் என்று அந்தப் பிரிவின் டாக்டர் சுகந்தி சொல்லிவிட்டார். இப்படித்தான் ரெஹானா என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். வந்ததும் விரல்களை விரித்து மேசைமேல் வைத்து, எந்த விரலுக்கு இன்றைக்கு லீவு என்று அறிவிப்பாள். மீதி இருப்பதில் நான் குத்திக்கொள்ளலாம்.

முதல் இரண்டு வாரம் ஒன்றுமில்லை. மூன்றாவது வாரம் நாலு மூலையிலும் சேர்த்துப் பதினெட்டு அணுதான் இருந்தது. தொள்ளாயிரம். கை தவறியிருக்கும் என்று இன்னொரு விரலைக் கேட்டு வாங்கிக் குத்தினேன். பத்தொன்பது. சாயம் போட்ட கண்ணாடியில் நூறு அணுவைத் தேடிப் பிடிக்க ஒரு மணி நேரமானது. தேர் முடிந்த மறுநாள் தெரு மாதிரி இருந்தது.

பாய் எஸ்.டி.டி. பூத்திலிருந்து டாக்டருக்கு எண்ணிக்கையைச் சொன்னார். மறுநாள் சென்னைக்குப் போய் வந்தவர் என்னிடம் ஒரு சீட்டைக் கொடுத்தார். டாக்டர் சுகந்தியின் எறும்பு எழுத்து. "மதிப்பிற்குரிய கஸ்தூரி அவர்களுக்கு, தங்கள் எண்ணிக்கை மிகவும் குறைவாக உள்ளது. சிரமம் பாராமல் மறுபடி ஒரு முறை எண்ண இயலுமா?" திட்டியிருந்தால் தேவலை. நான் பிறகு நேரில் பார்த்தபோதும் அந்த அம்மாள் அப்படித்தான். வார்டுக்குள் நுழைகிற பூனையைக் கூட "நீங்க வெளிய போங்க" என்பார். பூனை போய்விடும்.

மாத்திரையை நிறுத்தினார்கள், கணக்கு ஏறியது. மறுபடி கொடுத்தார்கள், மூன்றாவது வாரம் விழுந்தது. நிறுத்து, கொடு, நிறுத்து, கொடு என்று எட்டு மாதம் ஓடியது. நடுவில் இரண்டு முறை காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் படுத்தாள். அதே எடையில், அதே மாத்திரை சாப்பிட்ட மற்ற குழந்தைகள் அந்த வார்டில் ஓடி விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு விழுதலுக்கும் எனக்கு ஒரு சீட்டு வந்தது, ஒவ்வொன்றிலும் மரியாதை கூடிக்கொண்டே போனது. ஐந்தாவது சீட்டில் நான் "பெருமதிப்பிற்குரிய" ஆகிவிட்டேன்.

இரண்டாவது முறை ரெஹானா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கு பாய் ஒரு ரத்தக் குழாயை என்னிடம் கொடுத்தார். குழந்தையின் ரத்தமாம், ஒப்பிட்டுப் பார்க்க டாக்டரம்மா அனுப்பினார்களாம். குழாயில் ரெஹானாவின் பெயர், வயது ஆறு. எண்ணினேன். ஏழாயிரத்து நானூறு. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும், ஆனால் சந்தேகப்பட்டேன். சாயம் போட்டுப் பார்த்தால் நூற்றில் பத்தொன்பது ஈஸினோஃபில். வயிற்றில் புழு இருந்தாலோ தூசி ஒத்துக்கொள்ளாவிட்டாலோ பெருகுகிற அணு அது. அந்தக் குழந்தையின் ஒவ்வொரு அணுவின் முகமும் எனக்குத் தெரியும், இவை வேற்றாட்கள். குரூப் பார்த்தேன். ரெஹானா பி, இந்த ரத்தம் ஓ.

அந்த வயதில் எனக்குக் கொழுப்பு கொஞ்சம் அதிகம். ரிப்போர்ட்டை இப்படி எழுதினேன்: "ரெஹானா என்ற பெயரில் வந்த இந்த ரத்தம் ரெஹானாவினுடையதாக இல்லை. இதன் சொந்தக்காரருக்கு வயிற்றில் பூச்சி இருக்க வாய்ப்புண்டு. மலத்தை அனுப்பி வைத்தால் அந்தப் பரிசோதனையும் எங்கள் லேபில் செய்து தரப்படும்."

உறையை ஒட்டி பாயிடம் கொடுத்து அனுப்பிய பிறகுதான் யாருக்கு என்ன எழுதினேன் என்று உறைத்தது. அடுத்த நாலு நாள் போன் அடித்தபோதெல்லாம் வேலை போய்விட்டது என்று எழுந்து நின்றேன். ஐந்தாம் நாள் சீட்டு வந்தது. "ரத்தம் என்னுடையது. பூச்சி மாத்திரை சாப்பிட்டுவிட்டேன். இனி தங்களை மறுபடி எண்ணச் சொல்ல மாட்டேன். சுகந்தி."

அந்தச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. சர்ட்டிஃபிகேட்டுகளை வைத்திருக்கிற உறையில் முதல் காகிதம் அதுதான்.

லேப் மேல் இருந்த சந்தேகம் போனதும் அது நேராக வாட்ச் கடைக்குப் போனது. அடுத்த சீட்டில் டாக்டர் எனக்கு ஒரு வேலை வைத்திருந்தார். வீட்டில் மாத்திரையைத் தப்பாகக் கொடுக்கிறார்களா, கூடவே நாட்டு மருந்து ஏதாவது போகிறதா என்று நாசூக்காகப் பார்க்க முடியுமா? நான் நாசூக்காக யோசித்தேன். நன்றாக ஓடிக்கொண்டிருந்த என் கைக்கடிகாரத்தின் சாவியை வெளியே இழுத்து நிறுத்திவிட்டு, வாட்ச் ரிப்பேர் என்று கடைக்குப் போனேன். வாட்ச் கடைக்காரரிடம் போடுகிற வேஷமா அது? பாய் கண்ணாடியைக் கூட மாட்டவில்லை. சாவியைக் கட்டை விரலால் அமுக்கி, ஓடுகிற கடிகாரத்தை என் கையில் வைத்தார்.

"சாவிய இஸ்து வச்சிகினு கீறீங்க மேடம். இன்னா விசயமா வந்தீங்க, சொல்லுங்க."

சொல்லிவிட்டேன். அவர் முகம் சிவந்தது. கடைக்குப் பின்னால் இருந்த வீட்டுக்குள் என்னை அழைத்துப்போய், மனைவி ஷமீமிடம் விட்டுவிட்டுத் திரும்பிப் போனார். ஷமீம் ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் திறந்தார். கடிகாரத்தின் சின்னச் சின்ன உதிரிகளைப் பிரித்து வைக்கிற டப்பா. ஒவ்வொரு குழியிலும் ஒரு மாத்திரை, குழியின் மேல் கிழமை. பக்கத்தில் ஒரு நோட்டு, கொடுத்த நேரம் நிமிடத்தோடு எழுதியிருந்தது.

"எண்ணிக்கோங்க," என்றார்.

எண்ணினேன். என் தொழில் வாழ்க்கையில் எண்ணுவதற்கு வெட்கப்பட்டது அந்த ஒரு முறைதான். சரியாக இருந்தது. உள்ளே ரெஹானா சுருண்டு படுத்திருந்தாள், மறுபடியும் மாத்திரை ஆரம்பித்துப் பத்து நாள் ஆகியிருந்தது. தலையில் பாதி முடி இல்லை. ஊசி மருந்தால் போன முடி இன்னும் முளைக்கவில்லை போலிருக்கிறது என்று, ஏதாவது பேச வேண்டுமே என்பதற்காகச் சொன்னேன்.

"அது வேற மேடம்," என்றார் ஷமீம். "அந்த மொட்ட முடிஞ்சி நல்லா மொளச்சிது. நானே ரெட்ட சட போட்டேன். இந்த மாத்திர ஆரம்பிச்ச மூணாவது வாரம் கொத்து கொத்தா வந்துட்ச்சி. நிறுத்தினா மொளைக்குது, குடுத்தா வுழுது. எங்க சாச்சாக்கு ஆன மாதிரியே."

எந்தச் சாச்சா என்று கேட்டேன். ஷமீமும் இப்ராஹிம் பாயும் மாமன் மகள், அத்தை மகன். ஷமீமின் அப்பாவுக்கும் பாயின் அம்மாவுக்கும் ஒரு தம்பி இருந்தார். ஷமீமுக்கு அவர் சாச்சா, அதாவது சித்தப்பா, பாய்க்கு மாமு. பெங்களூரில் வேலை பார்த்தபோது குடலில் புண் வந்து, அங்கே ஒரு டாக்டர் ஏதோ மாத்திரை கொடுத்திருக்கிறார். மூன்றாவது வாரம் தலையில் ஒரு முடி இல்லை. அப்புறம் வாயெல்லாம் புண், காய்ச்சல், ஐந்தாவது வாரம் ஆள் இல்லை. கண் பட்டுவிட்டது என்று குடும்பம் முடிவு கட்டியது. அந்த மாத்திரைச் சீட்டு இருக்கிறதா என்று கேட்டேன். அவர்கள் வீட்டில் எந்தக் காகிதத்தையும் எறிவதில்லை. டிரங்குப் பெட்டியில், சாவுச் சான்றிதழோடு மடித்து வைத்திருந்தது. அதிலிருந்த மருந்தின் பெயர் நான் கேள்விப்படாதது, ரெஹானாவின் மாத்திரையின் பெயரும் இல்லை. ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துக் கையில் எழுதிக்கொண்டு வந்தேன்.

சீட்டெழுதி அனுப்பப் பொறுமை இல்லை. நர்சிங் ஹோம் போனிலிருந்து சென்னைக்குக் கூப்பிட்டேன். டாக்டர் சுகந்தியின் குரலை முதல்முதலாகக் கேட்டது அன்றைக்குத்தான். மெல்லிசான குரல், வயலில் தண்ணீர் பாய்கிற மாதிரி. சாச்சாவின் கதையையும் முடி கொட்டியதையும் சொல்லிவிட்டு, மருந்தின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னேன். லைன் அறுந்துவிட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்று கத்தினேன்.

"இருக்கேன் கஸ்தூரி," என்றார். மதிப்பிற்குரிய எல்லாம் போய்விட்டது. "பேரு வேற, மருந்து ஒண்ணுதான். அது உடம்புக்குள்ள போனா நம்ம மாத்திரையா மாறிடும். அவருக்கு ஒத்துக்காதது இவளுக்கும் ஒத்துக்கல. நீங்க இப்பவே போய் மாத்திரைய நிறுத்தச் சொல்லுங்க. குழந்தைய உடனே கூட்டிட்டு வரச் சொல்லுங்க."

பஸ் ஸ்டாண்டு வரை ஓடினேன். சேலை கட்டிக்கொண்டு ஓடுவதற்கும் ஒரு படிப்பு வேண்டும், அது எனக்கு இல்லை. இரண்டு இடத்தில் தடுக்கி, வாட்ச் கடையின் ஷோகேஸைப் பிடித்துத்தான் நின்றேன். அதற்குள் ரெஹானாவுக்கு உடம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பாய் கடையைச் சாத்தாமலே டாக்ஸி பேசினார்.

அந்த முறை அவள் பதினொரு நாள் எமனோடு இருந்தாள். நான் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். வாய் முழுக்கப் புண், பேச முடியவில்லை. என்னைப் பார்த்ததும் பத்து விரலையும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். எல்லாவற்றுக்கும் லீவு. வெளியே வராந்தாவில் நின்று கொஞ்சம் அழுதேன். இந்தக் கட்டுரையில் நான் அழுவது இந்த ஒரு இடத்தில்தான், அதையும் எண்ணியே சொல்கிறேன்.

பன்னிரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. டாக்டர் சுகந்தி பெற்றவர்களை உட்கார வைத்து விளக்கினார், என்னையும் கூப்பிட்டுக்கொண்டார். இந்த மாத்திரை வேலை செய்து முடித்ததும் உடம்பு அதை உடைத்து வெளியேற்ற வேண்டும். அதற்கென்று உடம்புக்குள் ஒரு கத்தி இருக்கிறது. அந்தக் கத்தியைச் செய்கிற ஜீன் அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று வரும். சிலருக்கு இரண்டுமே மொட்டையாக வந்துவிடும். மருந்து உடையாமல் தேங்கித் தேங்கி, ஒரு மாத்திரை பத்து மாத்திரையாகிவிடும். அப்படி ஒரு ஜீனைப் பற்றி வெளிநாட்டுப் பத்திரிகைகளில் படித்திருப்பதாகவும், சோதித்துப் பார்க்க இங்கே வழியில்லை என்றும், குடும்பக் கதையை வைத்துத்தான் இதைச் சொல்வதாகவும் மறைக்காமல் சொன்னார்.

பாய்க்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. "இது யார் பக்கத்துல இருந்து வந்துச்சி டாக்டரம்மா? அவங்க பக்கமா, எங்க பக்கமா?"

"ரெண்டு பக்கமும் பாதி பாதி."

ஷமீம் மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது. பத்து மாதமாக மாமியார் வீட்டில் அவர் என்னென்ன கேட்டிருப்பார் என்று அந்த மூச்சிலேயே தெரிந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் உத்திரமேரூர் வரை அவர்தான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். பாய் மறுக்கவில்லை.

புதுக் கணக்கு இதுதான்: வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்குக் கால் மாத்திரை. பழைய அளவில் பத்தில் ஒரு பங்கு. கேட்டதும் பெற்றவர்களுக்குப் பயம் வேறு பக்கமாகத் திரும்பியது. இத்தனை நாள் மருந்து கொன்றுவிடுமோ என்று பயந்தார்கள், இப்போது இத்தனூண்டு மருந்து நோயை விட்டுவிடுமோ என்று பயந்தார்கள். டாக்டருக்கும் அந்தப் பயம் இருந்தது. வார்டில் ஒரு பெரிய டாக்டர் இதற்குப் பேசாமல் சர்க்கரை உருண்டை கொடுக்கலாமே என்று கிண்டல் செய்தாராம். டாக்டர், "குழந்தையோட கவுண்ட் சொல்லட்டும் சார்," என்று மட்டும் சொன்னாராம். கவுண்ட் என்றால் நான். அன்றிலிருந்து ஒவ்வொரு வாரமும் நாலு மூலைக்குப் பதிலாக, இன்னொரு சொட்டும் விட்டு எட்டு மூலை எண்ணினேன், அவர் கேட்காமலே.

மாத்திரையைக் கால் கால் துண்டாக்குவது பாயின் வேலை. கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கிடுக்கியில் பிடித்து, கடிகாரத்தைத் திறக்கிற சின்ன பிளேடால் வெட்டுவார். நாலு துண்டையும் தலைகீழாக மாற்றிப் போட்டாலும் எது எது என்று சொல்ல முடியாது. தூள் சிந்தினால் அந்த மாத்திரையையே தள்ளி வைத்துவிட்டு வேறு எடுப்பார். முதல் வாரம் என் எண்ணிக்கை இரண்டாயிரத்து நூறு. மூன்றாவது வாரம், எப்போதும் விழுகிற அந்த மூன்றாவது வாரம், இரண்டாயிரத்து எண்ணூறு. எனக்கே நம்பிக்கை வரவில்லை. "மறுபடி எண்ண இயலுமா" என்று என்னையே கேட்டுக்கொண்டு மறுபடி எண்ணினேன். அதேதான். நோயை அமுக்கி வைக்கிற அளவுக்குக் கீழே, ஆபத்துக்கு மேலே, டாக்டர் விரும்பிய இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. பத்தில் ஒரு பங்கு மாத்திரை மற்றவர்களுக்கு முழு மாத்திரை செய்கிற வேலையைச் செய்தது. நோய் திரும்பி வரவில்லை. மீதி வைத்தியமும் முடிந்து, முடியும் முளைத்து, அவள் பள்ளிக்கூடத்தில் பேசிக்கொண்டே இருக்கிறாள் என்று ரிப்போர்ட் கார்டில் எழுதுகிற அளவுக்குத் தேறினாள்.

பல வருடம் கழித்து, நானும் டாக்டர் சுகந்தியும் ஓய்வு பெற்ற பிறகு, ஒருநாள் அவர் போன் செய்தார். தப்பு செய்துவிட்டேன் கஸ்தூரி என்று ஆரம்பித்தார். ஜீன் டெஸ்ட் இப்போது இங்கேயே செய்கிறார்களாம். சந்தேகம் தீர வேண்டும் என்று ரெஹானாவின் ரத்தத்தைச் சோதித்திருக்கிறார். அவர் சொன்ன அந்த ஜீன் அவளுக்கு நன்றாகத்தான் இருந்தது. மொட்டையாக இருந்தது இன்னொன்று, நம் ஆசியப் பக்கத்து மக்களிடம் அதிகமாக இருப்பது, அந்தக் காலத்தில் யாருக்குமே தெரியாதது. அது மொட்டையாக இருந்தால் மாத்திரை போட்டதும் முடி கொட்டுமாம். "முடியப் பத்தி அந்த அம்மா சொன்னாங்களே, நான் அத ஒரு விசயமாவே எடுத்துக்கல," என்றார். கால் மாத்திரை சரியாகத்தானே இருந்தது என்றேன். அவர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. சரியான கதவைத் தப்பான சாவியால் திறந்துவிட்டதாக வருத்தப்பட்டார்.

அந்த ரிப்போர்ட்டோடு ஒரு வாரம் கழித்து இப்ராஹிம் பாய் என் வீட்டுக்கு வந்தார். கூடவே ரெஹானா, இருபத்து மூன்று வயது, மேல்படிப்புக்குச் சென்னையில் இடம் கிடைத்திருந்தது. அதே சமயத்தில் துபாயில் இருக்கும் அவளுடைய அத்தை மகனுக்கு அவளைக் கேட்டிருந்தார்கள். பாய் ரிப்போர்ட்டை என் கையில் கொடுத்தார்.

"இதுல இன்னா எழுதிகினு கீதுன்னு பாத்து சொல்லுங்க மேடம். சொந்தத்துல பண்ணா ஆகாதுன்னு இவ சொல்றா."

படித்தேன். அதில் அப்படி ஒன்றும் இல்லை. இந்த ஜீன் ஒரு நோயே கிடையாது. அந்த ஒரு வகை மாத்திரையைச் சாப்பிடாத வரையில் அது இருப்பதே ஒருவருக்கும் தெரியாது. கல்யாணம் செய்துகொள்ளலாம், பிள்ளைக்கு எப்போதாவது அந்த மருந்து தேவைப்பட்டால் முன்னாலேயே சோதித்துக்கொண்டால் போதும் என்று இரண்டாவது பக்கத்தில் தெளிவாகவே எழுதியிருந்தது.

நிமிர்ந்தேன். பாய்க்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த ரெஹானா பத்து விரலையும் மார்புக்கு நேரே சேர்த்து வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"இது அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் பாதி பாதி வந்துகீது பாய்," என்று முதல் பக்கத்தைப் படித்துக் காட்டினேன். "சொந்தம்னா ரெண்டு பேர்கிட்டயும் இருக்கறதுக்கு வாய்ப்பு ஜாஸ்தி. அவசரப்பட வேணாம். பொண்ணு மொதல்ல படிச்சி முடிக்கட்டும்."

சொன்னதில் ஒரு எழுத்து பொய்யில்லை. பாய் தலையாட்டிக்கொண்டு ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கினார். முப்பது வருடத்தில் ஒரு ரிப்போர்ட்டை நான் முழுசாகப் படித்துச் சொல்லாமல் விட்டது அன்றைக்கு மட்டும்தான். இரண்டாவது பக்கத்தை உள்பக்கமாக மடித்துக் கொடுத்தேன்.